பீடத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவில்

அம்மா கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில், நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும், பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து தானே எழ வேண்டும். பீடத்துக்கு முன்னால் நிற்கும் சாமியாரிடம் தானே நடந்து போய் வாங்கிக்கொண்டு, தானே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். நன்மை என்று எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்வது நற்கருணை அப்பத்தை. மெல்லிய, வட்டமான, உப்பில்லாத வெள்ளை அப்பம்; எங்களுக்கு அது கிறிஸ்துவின் உடல். வெள்ளை கவுன் போட்டு முதல் நன்மை வாங்கிய சிறுவயதிலிருந்து அம்மா அந்த வரிசையில் நின்றுவந்திருக்கிறாள். பார்கின்சன் நோய் வந்த பிறகு, கோயிலின் நடுவழியில் இருந்த அந்தச் சின்னத் தூரமே எங்கள் வீட்டின் முழுக் கவலையும் ஆனது.

அம்மா கன்னிவாடிப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். காலையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறினால் சாயங்காலம்தான் வீடு. நோய் முதலில் தெரிந்தது கரும்பலகையில். வரியைத் தொடங்கும்போது பெரிதாக இருந்த எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பாகச் சுருங்கியது. "டீச்சர், கடைசி எழுத்துத் தெரியல" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று அம்மா தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு முகம். சிரிக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் மகளாகிய நானும் மட்டும். அடுத்த தெருவில் அம்மாவின் தங்கை, என் சித்தி.

மதுரையில் நாங்கள் பார்த்த நரம்பு மருத்துவர் நிதானமானவர். "கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் மாத்திரை நல்லாக் கேக்கும்மா. பேலன்ஸுக்கு அந்த அளவு கேக்காது. விழாமப் பாத்துக்கங்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி கதவைத் திறந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பார்த்துக்கொண்டேன். வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். இயந்திரம் நின்றால் எங்கே நின்றது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு முன்னால் என்ன மாற்றினார்கள் என்று வரிசையாகக் கேட்பதுதான் என் வேலை. அம்மா ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அதே கேள்விகளைக் கேட்டேன். எந்த இடம்? நடந்துகொண்டிருந்தாளா, திரும்பினாளா? கையில் என்ன இருந்தது? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? யாராவது கூப்பிட்டார்களா?

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. அம்மா எங்கே வேண்டுமானாலும் விழுவதில்லை. வெறுங்கையோடு நேராக நடக்கும்போது விழுவதே இல்லை. திரும்பும்போது விழுந்தாள். சமையலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு, உடம்பு மட்டும் முன்னால் போனபோது விழுந்தாள். சாம்பார்ப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தபோது விழுந்தாள். பால்காரர் பின்னாலிருந்து "டீச்சர்" என்று கூப்பிட, யாரென்று பார்க்கத் தலையைத் திருப்பியபோது விழுந்தாள். மாத்திரையின் வேகம் இறங்கி, அடுத்த மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்த இடைவெளியில் அதிகமாக விழுந்தாள்.

அதன்படி வீட்டை மாற்றினேன். ஹாலில் கிடந்த பாய் உள்ளே போனது. கால் தடுக்கும் மிதியடிகள் போயின. குளியலறையில் இரண்டு இடத்தில் கம்பி வைத்தோம். கை வைத்த நாற்காலி ஒன்று வந்தது. சமையலறை வாசலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப்பைக் குறுக்கே ஒட்டினேன். ஒட்டிக்கொண்ட காலை "எடு" என்று சொன்னால் அம்மாவால் எடுக்க முடியாது. எதிரில் ஒரு கோடு இருந்து, "அதைத் தாண்டு" என்றால் எடுத்துவிடுவாள். ஏன் அப்படி என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் விளக்கினாள். நாம் யோசிக்காமல் செய்யும் அசைவுகளைத்தான் இந்த நோய் முதலில் எடுத்துக்கொள்கிறது. கை வீசுவது, கண் சிமிட்டுவது, எச்சில் விழுங்குவது, நடப்பது. கண்ணால் பார்த்து, மனதால் நினைத்துச் செய்வதற்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது. கோடு அந்தப் பாதையைத் திறந்துவிடுகிறது.

டேப் ஒட்டிய அன்று சித்தி வந்தாள். வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏன்டி, வீட்டுக்குள்ள எதுக்கு ரோட்டுக் கோடு போட்டு வச்சிருக்க? லாரி வருதா?"

"இப்பத்தான் ஒண்ணு வந்து நிக்கிது. தள்ளி நில்லு, மறைக்குது" என்றாள் அம்மா. அவள் குரல் மெலிந்து, ஒரே சுருதியில் வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சித்தி ஒரு கணம் விழித்துவிட்டுத்தான் சிரித்தாள்.

சித்திக்கு அன்பு கையில் இருக்கும். அம்மாவின் கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுத்துவிடுவாள். இழுக்கக் கூடாது, பக்கத்தில் நின்று உடம்பை இடமும் வலமும் மெதுவாக ஆட்டச் சொல்லி, பிறகு எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "செத்த நேரம் ஆட்டிக்கிட்டு நிக்கிறதுக்குள்ள பாத்ரூமே வேண்டாம்னு ஆயிருமேடி" என்பாள். ஒருமுறை அவள் இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் கட்டிலில் போய் விழுந்தார்கள். அம்மா மேலே, சித்தி கீழே. "ஆட்டச் சொன்னாள்ல? ஆட்டிருக்கலாம்ல?" என்று அம்மா மேலே படுத்தபடியே கேட்டாள்.

அந்த நாட்களில்தான் உபதேசியார் வந்தார். பங்குச் சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைக் கவனிப்பவர். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குச் சாமியார் நன்மை கொண்டுபோவது வழக்கம். உபதேசியார் சின்ன மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். மணிச் சத்தம் கேட்டால் தெருவில் பேச்சு நிற்கும். வீட்டில் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் மெழுகுவத்தியும் வைத்திருப்பார்கள். எந்தெந்த வீடு என்று கோயிலில் ஒரு பட்டியல் உண்டு.

"டீச்சர் பேரையும் எழுதிக்கவா? ஒங்களுக்குத்தான் அலைச்சல் மிச்சம்" என்றார் உபதேசியார், மரியாதையாக.

"எனக்கென்ன அலைச்சல்? ஆட்டோவுல வாரேன், ஆட்டோவுல போறேன்" என்றாள் அம்மா. அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். "எத்தன வீட்டுக்கு நானே போயி மேசை போட்டுக் குடுத்திருக்கேன். அந்த லிஸ்ட்ல ஏறுனவுக யாராச்சும் திரும்ப இறங்கி வந்து பாத்திருக்கியா பாப்பா? பெட்டியிலதான் கோயிலுக்கு வந்தாக."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

கோயிலிலும் அம்மாவுக்குச் சிரமம் கூடிக்கொண்டே இருந்தது. பெஞ்சிலிருந்து எழ நேரமாகும். அதற்குள் வரிசை நகர்ந்துவிடும். பின்னால் வருபவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே அவள் கால் இன்னும் இறுகும். சாமியாரின் முன்னால் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பும் இடத்தில் தடுமாறி, இரண்டு தடவை பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதனால் நடையை வீட்டிலேயே பழகுவது என்று முடிவு செய்தோம்.

பூசைக்குப் போகும் நேரத்தைப் பொறுத்து மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றினோம். நன்மை நேரத்தில் மருந்து நன்றாக வேலை செய்யும். முன்பெஞ்சின் ஓரத்தில் உட்காருவது, வரிசையின் தொடக்கத்திலேயே எழுவது, கையில் செபமாலையோ பையோ வைத்துக்கொள்ளாமல் இருப்பது. திரும்பும்போது நின்ற இடத்தில் திரும்பாமல், பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்புவது போல வட்டமடித்துத் திரும்புவது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம் என்று நினைத்தேன். அவளுடைய விழுதல்களில் முக்கால்வாசி திரும்புவதில் நடந்தவை.

ஹால்தான் கோயில். டிவிக்குப் பக்கத்தில் பீடம். சித்திதான் சாமியார். சேலை முந்தானையை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் மேரி பிஸ்கட்டை உடைத்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கால்களைப் பின்னால் இழுத்து வைத்து, தலையை முன்னால் கொண்டுவந்து, நாற்காலியின் கைகளை அழுத்தி எழுவதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நன்றாக எழுந்தாள். வாய்க்குள் ஒரு பாட்டை முனகிக்கொண்டு, அதன் தாளத்துக்கு நடந்து வந்தாள்.

சித்தி பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்து, நன்மை கொடுக்கும்போது சாமியார் சொல்வதைக் கனத்த குரலில் தொடங்கினாள். "கிறிஸ்துவி..."

"வாய மூடுடி. பிஸ்கட்டக் கையில வச்சுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லாத. பாவம் வந்து சேரும்."

"அப்பறம் என்னத்தச் சொல்ல? 'இந்தா அக்கா, டீக்கு முந்தி ஒரு பிஸ்கட்டு'ன்னா?"

"ஒண்ணும் சொல்லாத. குடு."

அம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, மென்றுகொண்டே இடது பக்கமாக வட்டமடித்துத் திரும்பினாள். அழகாக வந்தது. பல நாள் பழகினோம். ஒருநாள்கூட ஹாலில் அவள் தடுமாறவில்லை. சித்திக்கு அந்த வேடம் பிடித்துப்போய், பிஸ்கட் இல்லாத நாளில் பொரிகடலையைக் கொண்டுவந்தாள். அம்மா அதையும் வாங்கிக்கொண்டு, "நீ சாமியாராப் போயிருந்தா ஊர்ல ஒருத்தனுக்கும் நன்மை மிஞ்சாது. பாதி ஒன் வாய்க்குள்ளதான் போகும்" என்றாள். எனக்கு அந்த நாட்கள் சந்தோஷமானவை. சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்கிறோம் என்ற நம்பிக்கை எங்கள் மூவருக்கும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பழகியபடியே நடந்தது. செருப்பை வெளியே விட்டோம். முன்பெஞ்சில் ஓரத்தில் உட்கார்ந்தோம். பாடகர் குழு நன்மைப் பாட்டைத் தொடங்கியதும் அம்மா எழுந்தாள். நான் அவளுடைய இடது பக்கம், திரும்பும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். என் கை அவள் முழங்கைக்கு அருகில் தயாராக இருந்தது. தலையில் முக்காடு, கூப்பிய கை. பாட்டின் தாளத்துக்குக் கால் தரையை விட்டு எழுந்து எழுந்து இறங்கியது. சாமியார் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பிறகு தலையைக் குனிந்து, கூப்பிய கையைப் பிரிக்காமல், பின்னால் ஓர் அடி வைத்தாள்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியாததும் இல்லை. அம்மா தலைமுறைப் பெண்கள் நன்மை வாங்கிய உடனே பீடத்துக்கு முதுகைக் காட்ட மாட்டார்கள். கும்பிட்டபடி ஓரிரண்டு அடி பின்னால் வந்துதான் திரும்புவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லாத மரியாதை அது. சித்தி அப்படித்தான் செய்வாள். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன். ஹாலில் மட்டும் ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டுக்கு முன்னால் யார் பின்வாங்குவார்கள்?

முதல் அடிக்குப் பின் இன்னோர் அடி, முந்தியதைவிடச் சின்னதாக, வேகமாக. அதற்கடுத்து அதைவிட வேகமாக ஒன்று. உடம்பின் கனம் குதிகாலுக்குப் போய்விட்டது, கால் அதைப் பிடிக்க ஓடுகிறது, பிடிக்க முடியவில்லை. நமக்கென்றால் இடுப்பு வளையும், கைகள் தானாக விரியும். அவளுக்கு எதுவும் விரியவில்லை. கூப்பிய கையோடு, மடங்காமல், அப்படியே பின்னால் சாய்ந்தாள். திரும்பும் இடத்தில் இருந்த என் கை காற்றைப் பிடித்தது.

கீபோர்டு நின்றது. பாட்டு தொண்டை தொண்டையாக அறுந்து நின்றது. அம்மா நடுவழியில் மல்லாந்து கிடந்தாள். கடைசிக் கணத்தில் பிரிந்த இடது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. நான் மண்டியிட்டு, தூக்க வந்தவர்களைத் தடுத்துக்கொண்டு, "எங்கம்மா வலிக்குது? சொல்லு" என்றேன். அவள் சொல்லவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் காதுக்கு இறங்கியது.

சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா! பேசுக்கா! ஏசுவே, பேச மாட்டேங்குறாளே! வாய் இழுத்துருச்சா?"

சாமியார்தான் முதலில் புரிந்துகொண்டார். குனிந்து பார்த்துவிட்டு, "செத்த பொறுங்க. நன்மை வாயில இருக்கு" என்றார்.

பொறுத்தோம். விழுங்குவதும் அவளுக்கு யோசித்துச் செய்யும் வேலையாக ஆகியிருந்த காலம் அது. மணிக்கட்டு உடைந்த கையின் மேல் படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து கத்தினால் அப்பம் தரையில் விழுந்துவிடும் என்று, அது கரையும் வரைக்கும் அவள் கத்தாமல் கிடந்தாள். கோயில் முழுவதும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் தொண்டை ஏறி இறங்கியது.

"கீழ விழுகல" என்றாள். அதற்குப் பிறகுதான் "அம்மா" என்று முனகினாள்.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். பின்மண்டையில் வீக்கம், உள்ளே ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். பிசியோதெரபிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னதும், "பின்னாடி நடந்தாங்களா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இந்த நோய்க்காரர்களுக்கு அதைவிட ஆபத்தான அடி கிடையாது என்றாள். பின்னால் போக வேண்டிய வேலை வீட்டில் ஏதாவது உண்டா என்று ஆரம்பத்திலேயே என்னிடம் கேட்டிருந்தாள். பீரோ கதவைத் திறக்கும்போது, பிரிட்ஜைத் திறக்கும்போது என்று நான் யோசித்து யோசித்துச் சொல்லியிருந்தேன்.

வீட்டில் சித்திதான் மனம் ஆறாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எனக்குத் தோணலையேடி. நானும் அப்படித்தானே வாரேன், வாராவாரம். முந்தானையப் போட்டுக்கிட்டுச் சாமியாரு மாதிரி நின்னேனே, எனக்குத் தோணலையே."

"தோணியிருந்தா மட்டும்? பொரிகடலைக்கு நான் பின்னால போயிருப்பனாக்கும்" என்றாள் அம்மா.

கட்டுப் பிரிக்கும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை யூடியூபில் போட்டுக் கொடுத்தேன். அம்மா பார்ப்பாள். நன்மை நேரம் வந்ததும், "அணைச்சுரு" என்பாள். மற்றவர்கள் வரிசையில் போவதைப் பார்க்க மாட்டாள்.

கட்டுப் பிரித்த பிறகு மறுபடியும் பழகத் தொடங்கினோம். இப்போது பழக வேண்டியது ஒன்றே ஒன்று. பின்னால் போகாமல் இருப்பது. இங்கேதான் நான் அதுவரை சந்திக்காத ஒரு சிக்கல் இருந்தது. சரிசெய்ய வேண்டிய தவறு வீட்டில் நடக்கவே மறுத்தது. சித்தியின் முன்னால் அம்மா எத்தனை தடவை நின்றாலும் அழகாக வட்டமடித்துத் திரும்பினாள். "போகக் கூடாதுன்னு மனசுல சொல்லிக்கிட்டே இரு" என்றேன். "சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அங்க போயி வாங்குன ஒடனே சொல்றதுக்கு யாரும் இருக்க மாட்டேங்குறாகளே பாப்பா. கால் அதுவாப் போகுது" என்றாள்.

கால் அதுவாகப் போகிறது. அன்று மில்லுக்குப் போகும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு போனேன். யோசிக்காமல் செய்யும் அசைவுகளை எல்லாம் நோய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது. சமையலறை வாசலில் முன்னால் ஓர் அடி வைக்கக் கோடு வேண்டும், பாட்டு வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். பீடத்தின் எதிரில் பின்னால் ஓர் அடி வைக்க எதுவுமே வேண்டாம். அவளிடம் தானாக நடக்கும் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நான் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாமியார் ஒரு வழி சொன்னார். "நான் ஒங்க பெஞ்சுக்கே வந்துர்றேன் டீச்சர். ஒக்காந்தே வாங்கிக்கங்க." அம்மா யோசிக்காமல் மறுத்தாள். "ஒரு தடவ, ஒரே தடவ நடந்து பாக்குறேன் சாமி. இவ பின்னால நிக்கட்டும்."

அப்படியே செய்தோம். இந்த முறை நான் பக்கத்தில் நிற்கவில்லை. அவளுக்கு நேர் பின்னால், ஒரு சுவரைப் போல ஒட்டி நின்று நடந்தேன். வாங்கினாள். தலை குனிந்தது. நான் எதிர்பார்த்திருந்த அடி வந்தது. அவள் முதுகு என் மார்பில் மோதியது. தாங்கிக்கொள்ள முடியும் என்று நினைத்தேன், தாங்கவும் செய்தேன். ஆனால் அந்தக் கனத்தில் என் கால் ஓர் அடி பின்னால் போனது. எனக்குப் பின்னால் வரிசையில், அந்த வருடம்தான் முதல் நன்மை வாங்கிய ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள்; என் குதிகாலுக்கு அடியில் அவள் பாதம் மாட்டிக்கொண்டது. வீலென்று கத்தினாள். பெரிய காயம் இல்லை. அவளுடைய அம்மா சங்கடத்தோடு சிரித்து, "பரவால்லக்கா, பரவால்ல" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டாள். அந்தச் சிறுமி தன் அம்மாவின் தோளுக்கு மேலாக எங்களையே பயத்தோடு பார்த்தாள்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது சித்தி ஏதோ வேடிக்கை சொல்லப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டாள். வீடு வந்து, அம்மாவை இறக்கி, நிற்கவைத்து, கால் நிதானப்படும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு நகம் பேந்திருக்குமா?" என்றாள்.

"இல்லம்மா. சிவந்துதான் இருந்துச்சு."

"நீ பின்னால நிக்காம இருந்திருந்தா, நான்ல அது மேல விழுந்திருப்பேன்." பிறகு சொன்னாள். "நான் விழுந்தா எனக்கு. பரவால்ல. இத்தன வருசம் பிள்ளைகளப் பாத்தேன், எந்தப் பிள்ளையையும் என் கை பட்டு அழ வச்சதில்ல." தெருவில் ஒரு பைக் போகும் வரை காத்திருந்தாள். "உபதேசியார்ட்டச் சொல்லிரு பாப்பா. பேர எழுதிக்கட்டும்."

"இன்னும் பாக்கலாம்மா. வரிசையில எல்லாருக்கும் கடைசியாப் போனா..."

"சொல்லிரு."

கடைசியாகப் போகும் யோசனையை நான் விடவில்லை. சித்தியும் அதையே சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு, யாரும் பின்னால் இல்லாமல், இரண்டு பக்கமும் நாங்கள் நின்று. அம்மா இரண்டு பேரையும் பேசவிட்டுக் கேட்டாள். டீச்சராக இருந்தபோது தப்பான கணக்கைக் கடைசி வரை சொல்லவிட்டுக் கேட்பாளாம். "எல்லாரும் ஒக்காந்து வேடிக்க பாக்க, நான் மட்டும் நடக்கணுமா? அது நன்மை வாங்குறது இல்லடி. அது சர்க்கஸ்" என்றாள். உபதேசியாருக்கு நான்தான் போன் செய்தேன். அவர், "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

முதல் வெள்ளி வந்தது. சித்தி காலையிலேயே வந்து மேசையைத் துடைத்து, துணி விரித்து, எங்கள் வீட்டுச் சிலுவையை எடுத்து வைத்தாள். மாத்திரையைச் சாமியார் வரும் நேரத்துக்குப் பொருத்திக் கொடுத்தேன். அம்மாவுக்கு நல்ல சேலை கட்டி, கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். "எந்திரிக்கக் கூடாதும்மா. ஒக்காந்தே வாங்கிக்க. சாமிக்குத் தெரியும்" என்றேன். தலையாட்டினாள்.

மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. எதிர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. யாரோ ஒரு பிள்ளையை "சும்மா இரு" என்று அதட்டினார்கள். மணி எங்கள் வீட்டு வாசலில் வந்து ஓய்ந்தது. சித்தி தரையில் முழங்காலிட்டாள். சாமியார் நன்மைச் சிமிழை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார்.

அம்மாவின் கால்கள் இரண்டும் பின்னால் இழுபட்டன. தலை முன்னால் வந்தது. உள்ளங்கைகள் நாற்காலியின் கைகளை அழுத்தின. நான் சொல்லிக்கொடுத்த முறை, ஒரு பிசகும் இல்லாமல். நாற்காலியை விட்டு உடம்பு எழத் தொடங்கியது.

அவள் தோளில் கை வைத்தேன். எத்தனையோ மாதங்களாக அந்த உடம்பை எழுப்பவும் நிற்கவைக்கவும்தான் தொட்டிருக்கிறேன். அன்று அழுத்தினேன். முதலில் தோள் எதிர்த்தது. எலும்பின் பலம் என் கைக்குத் தெரிந்தது. சாமியார் நின்று காத்திருந்தார். கொஞ்சம் கூட்டி அழுத்தினேன். எதிர்ப்பு நின்று, அவள் திரும்ப நாற்காலிக்குள் இறங்கினாள். இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பிறகு நன்மைக்கு வாயைத் திறந்தாள்.